குரோமியத்துக்குப் பதினைந்து அறை

செவ்வாய்க்கிழமை, காலை 10.38.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் நிலவறையில் குளிரறைக் கதவை வெளிப்பக்கமாக இழுத்த மாப்பிள்ளை, அலறிக்கொண்டு பின்வாங்கினார். உள்ளே கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உருவம், சாய்மானம் போனதும் அவர் காலடியில் வந்து விழுந்தது.

"அத்தை!"

கூடத்தின் தலைவி. இருபது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு இங்கே வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'. மேலே மெல்லிய பருத்தி உடை மட்டும்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் தோலுரிந்து கிடந்தன. மூச்சு இருந்தது, இருக்கிறது என்று சொல்லும்படிக்கு இருந்தது.

10.55க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. 11.20க்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு வாய் சிக்கனம், காது தாராளம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலைத் தட்டுத்தடுமாறிக் கரையேறிய பெண்மணி அவர். அதற்குப் பிறகு அந்தத் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது அதே பாடம் கதவில் குத்திய ஒரு அட்டையாக எதிரே நின்றது. அட்டையில் டீச்சரின் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: கந்தகம், குரோமியம்.

"இதென்ன?"

"இந்த வாரப் பூட்டு மேடம்," என்றார் மாப்பிள்ளை. டீச்சரின் மகளைக் கட்டியவர். கிருமிப் பரிசோதனை இவர் பொறுப்பு. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமைதோறும் அத்தை நம்பரை மாத்துவாங்க. ரெண்டு தனிமம் பேரு எழுதி வெப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் எலக்ட்ரான் இருக்கிற ஆர்பிட்டால் எத்தனைன்னு எண்ணணும். ரெண்டு ரெண்டு இலக்கமா நாலு எண். இந்த வாரம் 0915."

"உள்ளேயிருந்து திறக்கவும் அதே எண்ணா?"

"அதே எண்தான். உள்ளே ஒரு அவசரக் குமிழ் இருக்கு, ஒரு மாசமா வேலை செய்யல. எழுதிக் குடுத்திருக்கோம்."

"எண் வெச்சவங்களே உள்ளே இருந்தாங்க. ஏன் திறக்கல?"

மாப்பிள்ளை பூட்டின் பதிவுச் சீட்டை நீட்டினார். அந்தப் பூட்டு சரியான எண்ணை 'சரி' என்று மட்டும் குறிக்கும். தப்பான எண்ணை அப்படியே அச்சடித்துவிடும்.

9.12.05 — சரி, வெளிப்பக்கம்.
9.15.40 — தவறு, 1624.
9.15.47 — தவறு, 0304.
9.15.55 — தவறு, 0507.
9.16.04 — தவறு, 0709.
9.16.12 — தவறு, 0914. பூட்டு ஒரு மணி நேரம் முடக்கம்.
10.38.20 — சரி, வெளிப்பக்கம்.

"வெளியே அஞ்சு தடவை தப்பா அழுத்தினா ரெண்டு பக்கமும் முடங்கிடும். சரியான எண்ணைப் போட்டாலும் எடுக்காது, சீட்டுலயும் பதியாது. உள்ளே எப்பவும் ஒரு கனத்த கோட்டு மாட்டியிருக்கும். நேத்துதான் துவைக்கப் போச்சு."

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கோட்டு இல்லை. தன் எண்ணைத் தன் பூட்டே ஏற்க மறுக்கும் கதவின் பின்னால் ஒரு மணி நேரம். இன்ஸ்பெக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

காலை எட்டே முக்காலிலிருந்து நிலவறைக்கு இறங்கியவர்கள் நாலே பேர் என்று படிக்கட்டுக் காவலாளி சத்தியம் செய்தார். டீச்சர், மாப்பிள்ளை, மெஷினக்கா, சாவியண்ணன். டீச்சர் உட்பட நாலு பேருக்கும் வேலை இடம் கீழேதான், தனித்தனி அறை. மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்றார்கள்.

11.45. ஸ்டோர் அறை.

சாவியண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. இடுப்பில் சாவிக்கொத்து, உட்கார்ந்தாலும் கிலுங்கும், மூச்சு விட்டாலும் கிலுங்கும்.

"படிப்பு?"

"எட்டாவது மேடம்."

"அப்போ பூட்டு எண் எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமை டீச்சரம்மா வாயால சொல்வாங்க. உள்ளங்கையில எழுதிக்குவேன். நேத்து நான் லீவு. அதனால இந்த வாரத்துது தெரியாது."

"தெரியாம அழுத்திப் பார்த்தீங்களா?"

"பொத்தானைத் தொடவே இல்ல மேடம். ஒம்போது முப்பத்தஞ்சுக்கு ஐஸ் பெட்டி எடுக்கப் போனேன். சிவப்பு விளக்கு எரிஞ்சுது. சரி, ரிப்பேருன்னு திரும்பிட்டேன்."

"உள்ளேயிருந்து சத்தம்?"

"ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா விடுவேனா? மெயின் சுவிட்சு என் அறையிலதான் இருக்கு. அணைச்சா பூட்டு தானா விட்டுடும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா..." அவர் சாவிக்கொத்தைப் பிடித்து அமுக்கினார். "எல்லாரும் நான்தான் அழுத்தினேன்னு சொல்றாங்க. மாப்பிள்ளை சார் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறாரு. கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு மேடம். மறதியில அழுத்தித் தொலைச்சிட்டேனோ?"

ஊர் முழுக்கச் சேர்ந்து சொன்னால் ஆடும் நாயாகிவிடும். இந்த மனிதர் அந்த எல்லையில் நின்றுகொண்டிருந்தார்.

12.00. கருவி அறை.

மெஷினக்கா, நாற்பத்தைந்து வயது. தண்ணீரில் உலோகம் எவ்வளவு என்று அளக்கும் கருவி அவர் ராஜ்ஜியம். வேதியியலில் முதுகலை. டீச்சருக்குக் கூடப் பிறக்காத தங்கை என்று காவலாளியே சொல்லியிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஒம்போது பத்து இருக்கும். இங்கே எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க."

"என்ன பேசினீங்க?"

"சும்மாதான்."

"அப்புறம்?"

"இங்கேயே இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்."

"பூட்டு எண் உங்களுக்குத் தெரியும்?"

"அட்டையைப் பார்த்தாலே தெரியும் மேடம். மாப்பிள்ளைத் தம்பிக்கு நேத்து நான்தானே சொன்னேன்?" பெருமூச்சு விட்டார். "சரியான எண் தெரிஞ்ச நான் அஞ்சு தடவை தப்பா போடுவேனா? பாவம், சாவியண்ணன் வேணும்னு செய்யல. தெரியாத்தனம். அவரை ரொம்பப் படுத்தாதீங்க."

நியாயமான பேச்சு. இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

12.15.

"கதவைச் சாத்து. அஞ்சு நிமிஷம் திறக்காதே," என்றார் இன்ஸ்பெக்டர், குளிரறைக்குள் நுழைந்துகொண்டே, தன்னோடு வந்த காவலரிடம்.

கதவு சாத்தியதும் காது அடைத்துக்கொண்டது. குளிர்பெட்டியின் உறுமல் ஒன்றுதான் உலகம். போனில் சிக்னல் செத்திருந்தது. முதல் நிமிடம் மூக்கு எரிந்தது. இரண்டாவது நிமிடம் காது மடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எண் தெரியும், ஆள் வெளியே நிற்கிறான், அப்படியும் கண் பூட்டின் பொத்தான்களை விட்டு நகரவில்லை. கதவின் உட்புறம் உறைபனியில், தோளுயரத்தில், முட்டிகள் பட்டுப் பட்டுப் பனி உதிர்ந்த இடம் ஒரு தட்டு அகலத்துக்கு இருந்தது. அதில் பழுப்பாக ரத்தம். அதற்குக் கீழே, இடுப்புயரத்தில் இன்னொன்று. நின்று தட்டியவர் உட்கார்ந்தும் தட்டியிருக்கிறார்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. உள்ளே சிறு பிளாஸ்டிக் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிணற்றின் எண். மூடியைச் சுற்றி நீல முத்திரை நாடா, எதிலும் பிரியாமல். பெட்டியின் ஓரத்தில் பென்சிலில் டீச்சர் கையெழுத்து: 'குரோமியம். 41. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.'

இன்ஸ்பெக்டர் மரத்த விரலால் 0915 அழுத்தினார். கதவு விட்டது. வெளியே வந்து இரண்டு கையையும் கக்கத்தில் திணித்துக்கொண்டு நின்றார்.

12.40க்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டீச்சர் கண் விழிக்காமலே போய்விட்டார்.

12.55. மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மாசமா அத்தைகிட்ட முகம் குடுத்துப் பேசல மேடம். வேற ஊருக்குப் போயிடலாம்னு நானும் என் வீட்டம்மாவும் முடிவு பண்ணினோம், அதுல கோவம். அவள்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

இன்ஸ்பெக்டர் அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "நாற்பத்தொரு கிணறு, குரோமியம். ரிப்போர்ட் எங்கே?"

"வெள்ளிக்கிழமையே மெஷினக்கா கையெழுத்து போட்டு அத்தை மேஜையில வெச்சாங்க. எல்லாக் கிணறும் சுத்தம்னு. அத்தை கையெழுத்துதான் பாக்கி."

"மேஜையில இல்லையே."

"காலையில ஒம்போது மணிக்குப் பார்த்தேனே?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த எண்ணுற கணக்கை எனக்கு முதல்லேருந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வெச்சுக்கோங்க. அது உண்மையும்கூட."

மாப்பிள்ளை ஒரு தாளை எடுத்துக் கட்டங்கள் போட்டார். "ஆர்பிட்டால்ங்கிறது எலக்ட்ரான் குடியிருக்கிற அறை. ஒரு அறையில ரெண்டு பேருக்கு மேல கூடாது. எஸ்-ன்னா ஒரே அறை. பி-ன்னா மூணு. டி-ன்னா அஞ்சு. கந்தகத்துக்குப் பதினாறு எலக்ட்ரான். 1s-ல ரெண்டு, 2s-ல ரெண்டு, 2p-ல ஆறு, 3s-ல ரெண்டு, மிச்சம் நாலு பேர் 3p-ல."

"நாலு பேர்னா ரெண்டு அறை."

"அங்கேதான் வழுக்கும். ஒரே வரிசையில காலி அறை இருக்கிறப்போ யாரும் இன்னொருத்தரோட சேர மாட்டாங்க. முதல் மூணு பேரும் ஆளுக்கொரு அறை. நாலாவது ஆளுக்குத்தான் வேற வழியில்ல, ஒருத்தரோட ஒட்டிக்கணும். ஆக மூணு அறையிலயும் ஆள் உண்டு. ஒண்ணு, ஒண்ணு, மூணு, ஒண்ணு, மூணு. மொத்தம் ஒம்போது."

"குரோமியம்?"

"இருபத்திநாலு பேர். 3p முடிய பதினெட்டு பேர், ஒம்போது அறை. மிச்சம் ஆறு. 4s-ல ரெண்டு, 3d-ல நாலு. 4s-க்கு ஒரு அறை, 3d-ல நாலு அறை, மொத்தம் பதினாலு. ஆனா பூட்டு பதினஞ்சுதான் எடுக்குது. நேத்து 0914 போட்டேன், சிவப்பு எரிஞ்சுது. மெஷினக்கா, 'பதினஞ்சு போடு தம்பி'ன்னாங்க. ஏன்னு கேக்கல. நான் கிருமி ஆளு மேடம்."

திங்கட்கிழமைப் பதிவில் அது இருந்தது: 8.52, தவறு, 0914. அடுத்த வரி, சரி.

இன்ஸ்பெக்டர் இன்றைய சீட்டை மேஜைமேல் விரித்தார். "1624."

"எலக்ட்ரான் மொத்தம். பதினாறு, இருபத்திநாலு."

"0304?"

"கூடு, அதாவது 1, 2, 3-ங்கிற அடுக்கு, எத்தனைன்னு எண்ணியிருக்காங்க. கந்தகத்துக்கு மூணு, குரோமியத்துக்கு நாலு."

"0507?"

மாப்பிள்ளை விரல்விட்டு எண்ணினார். "1s, 2s, 2p, 3s, 3p, இது அஞ்சு. குரோமியத்துக்கு 4s, 3d சேர்த்தா ஏழு. அறைக்குப் பதிலா வரிசையை எண்ணியிருக்காங்க." அவர் குரல் தயங்கியது. "என்ன மேடம் இது? எதுவும் குருட்டாம்போக்குல வரலையே?"

"அடுத்தது 0709."

"ரெண்டு பேர் நிறைஞ்ச அறை மட்டும் எண்ணினா கந்தகத்துக்கு ஏழு வரும். குரோமியத்துக்கு..." தாளைப் பார்த்தார். "பத்து. முதல் ஒம்போது, அப்புறம் 4s ஒண்ணு. ஒம்போதுன்னு வராதே. இது மட்டும் வாய்க்கு வந்ததைப் போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டார். ஐந்து எண்ணில் நாலு கணக்காகப் பொருந்தி, ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால், கணக்கைச் சொல்லிக்கொடுத்தவரிடம்தான் கோளாறு என்று அவருக்குப் பட்டது.

1.20.

ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சரின் சாவி வந்து சேர்ந்தது. பூட்டியிருந்த மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டு. திங்கட்கிழமைப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் மேலும் கீழும் அம்புகள். குரோமியத்துக்கு எதிரே '3d⁵ 4s¹' என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு. பக்கத்தில்: '4s-லிருந்து ஒன்று 3d-க்குப் போய்விடும். ஐந்து அறையிலும் ஆளுக்கொருவர். பாதி நிறைந்த வரிசைக்கு உறுதி அதிகம். முழு அறை 9, ஒற்றை அறை 6, மொத்தம் 15. மாப்பிள்ளை 14 என்பார்.'

இன்ஸ்பெக்டர் அந்த 9-ஐ நெடுநேரம் பார்த்தார். பிறகு காவலரை அழைத்து, கருவி அறையை அங்குலம் விடாமல் தேடச் சொன்னார்.

1.50. மூன்று பேரும் ஸ்டோர் அறையில். சாவியண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தெரியாதவர் ஒருத்தர் பூட்டோட மல்லுக்கட்டியிருக்கார்னு எல்லாரும் நினைச்சோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நானும்தான். தெரியாதவர் எப்படித் தப்பு பண்ணுவார்? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு அடிப்பார். போன வாரத்து எண்ணைப் போடுவார். இங்கே அஞ்சும் படிச்ச தப்பு. வகுப்புல பிள்ளைங்க பண்ற தப்பு, ஒவ்வொண்ணும் ஒரு வகை. முப்பத்திரண்டு விநாடியில அஞ்சு வகை. சாவியண்ணே, உங்களால அது முடியாது. நீங்க எதையும் மறக்கல. உட்காருங்க."

கிழவர் பொத்தென்று உட்கார்ந்தார். சாவிகள் கிலுங்கின.

"அப்போ கடைசி எண்ணைப் பாருங்க. 0914. நேத்து மாப்பிள்ளை போட்ட அதே தப்பு."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "மேடம், நான்..."

"நீங்க இல்லைன்னு அதுக்கு முந்தின எண் சொல்லுது. 0709. முழுசா நிறைஞ்ச அறை மட்டும். உங்க கணக்குப்படி குரோமியத்துக்குப் பத்து வரும். என்கிட்ட யோசிக்காம சொன்னீங்க. ஒம்போது வரணும்னா 4s-ல ஒரே ஆள்தான்னு தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சவருக்குச் சரியான விடையும் தெரியும். 9.16.04க்கு 3d-ல அஞ்சு, 4s-ல ஒண்ணுன்னு தெரிஞ்ச கை, எட்டு விநாடி கழிச்சு 3d-ல நாலு, 4s-ல ரெண்டுன்னு நடிச்சிருக்கு. பதினாலு தப்பாகும்னும் அந்தக் கைக்குத் தெரியும், நேத்து பக்கத்துலேயே நின்னு பார்த்ததால." இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "சரியான எண் தெரிஞ்ச நான் அஞ்சு தடவை தப்பா போடுவேனான்னு கேட்டீங்க. தெரிஞ்சவங்களுக்குத்தான் மேடம், சரியான எண் பக்கம் கை போயிடக் கூடாதேன்னு பயம்."

காவலர் உள்ளே வந்து அந்த ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். கருவியின் பின்தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்ததாம். நாற்பத்தொரு கிணறு, எல்லாம் சுத்தம், கீழே ஒரு கையெழுத்து.

"அந்தக் கருவியில குரோமியத்துக்குன்னு தனி விளக்கு உண்டு," மெஷினக்கா யாரையும் பார்க்காமல் பேசினார். "அது செத்து மூணு வாரம். புதுசு கேட்டு எழுதினேன், வரல. ரிப்போர்ட் எங்கேன்னு தினம் மேலேயிருந்து போன். போன வருஷ எண்ணையே கொஞ்சம் அங்கே இங்கே மாத்திப் போட்டேன். போன வருஷம் சுத்தமாத்தான் இருந்துச்சு... காலையில டீச்சர் வந்து, 'முத்திரை உடையலையாமே, நான் போய் எண்ணிட்டு வர்றேன், பத்தரை மீட்டிங்ல சொல்லியாகணும்'னாங்க. ஒரு மணி நேரம் கிடைச்சா ரிப்போர்ட்டை எடுத்து ஒளிச்சுட்டு, இன்னும் முடியலன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன். கோட்டு உள்ளேதான் இருக்கும்னு நினைச்சேன்."

"தட்டினாங்களா?"

"தட்டினாங்க." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "ரெண்டே நிமிஷத்துல மனசு கேக்கல மேடம். 0915 போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கல. முடக்கினவளே நான்தானே?"

"மெயின் சுவிட்சு ஸ்டோர்ல இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும்."

"சாவியண்ணன் ஒம்போது முப்பத்தஞ்சுக்கு அங்கே வந்தாரு."

"குளிரறைக்கு எதிர்ல இருக்கிற கேஸ் சிலிண்டர் வரிசைக்குப் பின்னால நின்னேன். ரெண்டு அடி தள்ளித்தான் போனாரு. வாயைத் திறந்தா போதும். திறந்தா எல்லாம் வெளிய வந்துடும்னு..."

"பத்தே காலுக்குப் பூட்டு விட்டிருக்கும். அப்போ?"

"திறந்தா முதல்ல பாக்கிறது நானா இருக்கணுமே."

சாவியண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று பிற்பகலே நாற்பத்தொரு புட்டிகளும் ஐஸ் பெட்டியில் வேறொரு கூடத்துக்குப் போயின. நாலாம் நாள் விடை வந்தது. பதினேழு கிணறுகளில் குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தது. பதினேழையும் மூடினார்கள்.

செவ்வாய்க்கிழமையன்று மெஷினக்காவின் வாக்குமூலத்தைக் காவலர் எழுதி முடித்தபோது மணி 3.40. இன்ஸ்பெக்டர் அதை அவரிடம் நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் வரி வரியாக, ஆய்வறிக்கை சரிபார்ப்பவர்போலப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது. 'உள்ளேயிருந்து சில நிமிடங்கள் தட்டும் ஓசை கேட்டது' என்று காவலர் எழுதியிருந்தார்.

'சில' என்ற சொல்லை அடித்தார். அதன் மேலே 'பதினோரு' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.